மரபணுவில் வரும் ஒரு சின்ன மாற்றம் இதயத் தசையை எப்படித் தடிக்க வைக்கிறது? அண்ணனுக்கு இருந்தால் எனக்கும் வருமா?

அண்ணனுக்கு ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி (இதயத் தசை தடிக்கும் நோய்), பரிசோதனையில் எம்ஒய்எச்7 மரபணுவில் மாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "மரபணு பழுது என்றால் இதயம் பலவீனமாகத்தானே ஆக வேண்டும், ஏன் தடிக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம். நான் மருத்துவர் இல்லை, ஆய்வகத்தில் தசைப் புரதங்களைப் படித்தவன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பழுது என்றதும் வேலை நின்றுபோவதாகத்தான் நமக்குத் தோன்றும். இந்த நோயில் பெரும்பாலும் அதற்கு நேர்மாறாக நடக்கிறது. இதயம் தேவைக்கு மேல் இழுக்கிறது.

இதயத் தசைச் செல்லுக்குள் சார்கோமியர் என்னும் அலகுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குள் மயோசின், ஆக்டின் என்னும் இரண்டு புரதங்களின் இழைகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. மயோசினின் தலைகள் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ஆக்டினைப் பிடித்து இழுத்தால் தசை சுருங்கும், விட்டால் தளரும். அந்த மயோசினைக் கட்டும் குறிப்புதான் எம்ஒய்எச்7.

நீளமான படகு ஒன்றில் துடுப்புக்காரர்கள் எல்லோரும் எந்நேரமும் வலித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், ஒரு பங்கினர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மயோசின் தலைகளும் அப்படித்தான். ஒரு பகுதி பின்னால் மடங்கி, மிகக் கொஞ்சமாக ஏடிபி செலவழித்து ஓய்வில் இருக்கும். தடிப்பு நோயை உண்டாக்கும் மாற்றங்களில் பல, தலை மடங்கி ஒட்டிக்கொள்ளும் அந்த இடத்தைத்தான் கெடுக்கின்றன. ஓய்வில் இருக்க வேண்டியவையும் வேலைக்கு வந்துவிடுகின்றன. சுருக்கம் கூடுகிறது, தளர்வு குறைகிறது, எரிசக்தி வீணாகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு என்றால் இந்த விரயம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். செல் இந்த நெருக்கடிக்குத் தடித்து ஈடுகொடுக்கப் பார்க்கிறது. செல்களின் அடுக்கு கலைகிறது, இடையிடையே நார்த்திசு படிகிறது. ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் கிளம்புவது பெரும்பாலும் இந்தக் கலைந்த, வடுப்பட்ட இடங்களிலிருந்துதான். எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) இதயம் 'நன்றாகப் பம்ப் செய்கிறது' என்று வந்தும் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்குக் காரணமும் இதுவே: சுருங்குவதில் குறை இல்லை, தளர்ந்து நிரம்புவதில்தான் குறை.

இந்த நோய்க்குக் காரணமாக முதன்முதலில் பிடிபட்டதும் உங்கள் அண்ணனிடம் மாறியிருக்கும் இதே மரபணுதான். 1990-இல் கிறிஸ்டின் சைட்மன், ஜொனதன் சைட்மன் என்ற ஆய்வாளர்களின் குழு ஒரு பெரிய குடும்பத்தில் இந்த மயோசினின் 403-ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டமின் என்ற வேறொன்று இருப்பதைக் கண்டது. புரதத்தைக் கோக்கும் மணிகள் போன்ற 1,935 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று.

இன்னொரு முக்கியமான மரபணு எம்ஒய்பிபிசி3. இது கட்டும் புரதம் மயோசினுக்குக் கடிவாளம். இங்கே கதை வேறு மாதிரி. எம்ஒய்எச்7-இல் மாறிய புரதமும் இழைக்குள் போய் உட்கார்ந்து நல்ல புரதத்தோடு சேர்ந்து கெடுக்கிறது. எம்ஒய்பிபிசி3-இல் பெரும்பாலும் பாதியில் முறியும் குறிப்பு என்பதால், செல் அதைக் கழித்துவிடுகிறது, மொத்தத்தில் கடிவாளம் போதாமல் போகிறது. வழி வேறாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான், மயோசின் கட்டுப்பாடு தளர்கிறது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதே எம்ஒய்எச்7-இல் வேறு இடத்தில் மாற்றம் வந்தால், இதயம் தடிக்காமல் மெலிந்து விரிந்துபோகலாம். அதுதான் டைலேட்டட் கார்டியோமயோபதி. அங்கே இழுக்கும் விசை குறைகிறது. ஆகவே எந்த மரபணு என்பதைவிட, மாற்றம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதே பெரிய கேள்வி என்பது என் கருத்து. இதயம் விரியும் நோயில் அதிகம் தென்படுவது டைட்டின் மரபணு. மனித உடலின் மிகப் பெரிய புரதம் அது. குடும்பவழி நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு அந்தக் குறிப்பு நடுவில் அறுந்திருக்கிறது.

இழுப்பு அதிகம் என்று புரிந்த பிறகுதான் அதைக் குறைக்கும் மருந்தைத் தேட முடிந்தது. மாவாகாம்டென் என்ற அந்த மருந்து மயோசின் தலைகளில் கூடுதலானவற்றை ஓய்வுக்கு அனுப்புகிறது. அமெரிக்காவில் 2022-இல், இரத்தம் வெளியேறும் பாதை அடைபடும் வகைக்கு அனுமதி கிடைத்தது. அளவு மீறினால் பம்ப் விசையே குறைந்துவிடும், அதனால் எக்கோ பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், உங்களுக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு. வந்தால் நோய் கட்டாயம் என்று அர்த்தம் இல்லை. ஒரே வீட்டில் ஒருவர் இருபதில் மயங்கி விழுவார், இன்னொருவர் எண்பதிலும் ஒன்றுமில்லாமல் நடமாடுவார். தெற்காசியாவில் சுமார் நூறு பேரில் நால்வரிடம் எம்ஒய்பிபிசி3-இல் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட வகை ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு இதயம் தடிப்பதே இல்லை. மற்ற மரபணுக்களும் இரத்த அழுத்தம் போன்றவையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

முதலில் அண்ணனின் அறிக்கையில் அந்த மாற்றத்துக்கு என்ன தரம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'நோய் விளைவிப்பது' என்று இருந்தால், உங்களிடம் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் சோதித்தால் போதும். இல்லை என்று வந்தால் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் வருடா வருடம் எக்கோவுக்கு அலைய வேண்டியதில்லை. இருக்கிறது என்று வந்தால், தடிப்பு இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் ஈசிஜி, எக்கோ தேவை. பொதுவாக 15 மில்லிமீட்டர் சுவரைத் தடிப்பு என்பார்கள், நோயாளியின் நெருங்கிய உறவினர் என்றால் 13 மில்லிமீட்டரிலேயே கவனிப்பார்கள். 'முக்கியத்துவம் உறுதியில்லாத மாற்றம்' என்று இருந்தால், அதை வைத்து உங்களைச் சோதிப்பதில் பயனில்லை. அப்போது எக்கோவும் ஈசிஜியும்தான் வழி, சில வருடங்கள் கழித்து அந்தத் தரம் மாறியிருக்கிறதா என்று திரும்பவும் கேட்டுப் பார்க்கலாம்.