நிபுணர் ஆலோசனை: வந்த நாளிலிருந்து உண்ணாத டரன்டுலா

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே இரண்டு சிறிய டரன்டுலாச் சிலந்திகள் இருக்கின்றன. சென்ற மாதம் கொழும்பிலுள்ள ஒருவர் மூலம் 'மெக்சிக்கோ சிவப்பு முழங்கால்' இனத்தின் வளர்ந்த பெண் சிலந்தி என்று சொல்லப்பட்ட ஒன்றை வாங்கினேன். இரவு பஸ்ஸில் பொதியாக வந்து சேர்ந்தது. மூன்று வாரமாகியும் அது எதையும் உண்ணவில்லை. மண்ணின் மேல் பாய் விரித்தாற்போல வலை பின்னியிருக்கிறது; வயிற்றின் மேற்புறத்தில் மயிர் உதிர்ந்திருந்த இடம் கறுத்துவிட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, அதற்குக் குளிர் பிடித்துவிட்டது என்றும், மின்குமிழின் கீழ் வைத்துத் தேன் கலந்த நீரை வாயில் விடுமாறும், சரிவராவிட்டால் பாதி விலைக்கு வேறொன்று தருவதாகவும் சொல்கிறார். சிலந்தி சாகப்போகிறதா? இதற்கு அனுமதிக் கடதாசி எதுவும் தேவையில்லை என்று அவர் சொல்வது உண்மையா? – கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பவற்றில் சாவின் அறிகுறி ஒன்றுகூட இல்லை. உண்ணாமை, வலைப்பாய், கறுத்த மொட்டை இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: உங்கள் சிலந்தி தோல் உரிக்க ஆயத்தமாகிறது. மொட்டை இடத்தில் முன்னர் தெரிந்தது வெளிறிய பழைய தோல். இப்போது கறுப்பாகத் தெரிவது அதன் அடியில் முளைத்திருக்கும் புதிய மயிர். வளர்ந்த சிலந்தி இந்த நிலையில் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும். ஆகவே, தேன் நீரையும் மின்குமிழையும் எடுத்து அப்பால் வைத்துவிடுங்கள். சிலந்தியின் வாய்ப்பகுதியில் ஒட்டும் இனிப்பு நீர், எறும்பை அழைத்து வருவதைத் தவிர வேறெந்தப் பயனையும் தராது. தோல் உரிக்கும் சிலந்திக்கு எறும்பைவிடக் கொடிய பகை இல்லை.

ஒரு நாள் காலையில் அது மல்லாந்து கிடப்பதைக் காண்பீர்கள். பல சிலந்திகள் அநியாயமாகச் சாவது அந்தக் காலையில்தான், ஏனென்றால் வளர்ப்பவர் பதறிப்போய் அதைப் புரட்டி நிமிர்த்தி விடுகிறார். மல்லாந்து, கால்கள் ஓரளவு விரிந்திருந்தால் அது தோல் உரிக்கிறது. தொடக்கூடாது, ஊதக்கூடாது, பெட்டியை நகர்த்தவும் கூடாது. சாகும் நிலையில் உள்ள சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து கிடப்பதில்லை. அது நிமிர்ந்தபடியே இருக்க, எட்டுக் கால்களும் உடலுக்கு அடியில் சுருண்டு மடங்கியிருக்கும். கால்களின் முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குச் சிலந்திக்குத் தசை கிடையாது. உடலுக்குள் இருக்கும் நீர்மத்தின் அழுத்தமே காலை நீட்டுகிறது. உடலில் நீர் வற்றினால் அழுத்தம் குறைகிறது, கால்கள் தாமாகவே உள்ளே மடங்குகின்றன. அப்படிக் கண்டால் மட்டும், ஆழமில்லாத தட்டில் நீர் வைத்து, வாய்ப்பகுதி நீரில் படும்படி சிலந்தியை மெல்லக் கொண்டுபோய் விடுங்கள். வயிற்றை நீரில் அமிழ்த்த வேண்டாம். அது மூச்சுவிடும் ஏட்டு நுரையீரல்கள் வயிற்றின் அடியில்தான் உள்ளன.

தோல் கழன்ற பின்னர் உடனே இரை போட்டுவிடாதீர்கள். நச்சுப்பற்கள் முதலில் வெண்மையாக இருந்து, பின்னர் சிவந்து, இறுதியில் கறுக்கும். கறுக்கும்வரை அவை மென்மையானவை. அந்த நேரத்தில் சிலந்தியால் கடிக்க முடியாது, ஆனால் உள்ளே விட்ட சில்வண்டால் சிலந்தியைக் கடிக்க முடியும். வளர்ந்த சிலந்திக்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை பொறுத்திருங்கள். இப்போது பெட்டிக்குள் ஏதாவது இரைப்பூச்சி உயிருடன் திரிந்தால் அதையும் இன்றே எடுத்துவிடுங்கள். நீர்த்தட்டு மட்டும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் மண்ணின் ஒரு மூலையைச் சற்று நனைத்து விடலாம், முழுவதையும் அல்ல. நீர்த்தட்டில் பஞ்சு போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அழுக்குச் சேருவதைத் தவிர அதனால் ஒன்றும் ஆகாது.

மின்குமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வெப்பத்தில் ஒரு டரன்டுலாவுக்குக் குளிர் பிடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களுக்கு அடுத்ததாக எதையோ விற்கப்போகிறார் என்று பொருள். வெப்பத்தட்டு, விசேட மின்குமிழ், விற்றமின் துளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்தப் பொருட்கள், குளிர்நாடுகளில் வளர்ப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவற்றைப் பார்த்து இங்கே சந்தைப்படுத்தப்படுபவை, அல்லது எதற்கும் உதவாதவை. உங்கள் கவலை வெப்பம் போதாமையாக அல்ல, வெப்பம் கூடிவிடுவதாகவே இருக்க வேண்டும். தகரக் கூரையின் கீழோ, பின்னேர வெயில் படும் யன்னலோரத்திலோ கண்ணாடித் தொட்டியை வைத்தால் அது சில மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். தொட்டி உயரமானதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். சிவப்பு முழங்கால் தரையில் வாழும் கனத்த சிலந்தி. உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடும். மண்ணுக்கும் மூடிக்கும் இடையிலான தூரம், கால்களை விரித்த நிலையில் சிலந்தியின் அளவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேற்படாதபடி தும்புத்தூளை நிரப்புங்கள். ஆனால் இந்த மாற்றத்தைத் தோல் உரித்து முடிந்த பிறகே செய்யுங்கள்.

அடுத்தது, 'வளர்ந்த பெண்' என்ற சொல். தரகர்கள் அதிகம் பணம் பண்ணுவது இந்தச் சொல்லை வைத்துத்தான். இந்த இனத்தின் பெண் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆணோ முதிர்ச்சி அடைந்த பின்னர் பெரும்பாலும் ஓராண்டளவுதான் உயிரோடிருக்கும். வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் கைகழுவ விரும்பும் முதிர்ந்த ஆண்களை மலிவாக வாங்கி, பெண் என்று சொல்லிப் பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடுவது பழைய தந்திரம். உண்ணாவிட்டால் கவலைப்பட வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு உள்ள விலக்கு இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதிர்ந்த ஆண் சிலந்தி பல வேளைகளில் உணவில் நாட்டத்தை இழந்துவிடும். இரவெல்லாம் பெட்டியின் சுவரோரமாக ஓயாமல் நடந்துகொண்டேயிருக்கும். வயிறு நாளுக்கு நாள் சுருங்கும். கால்கள் உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்டு மெலிந்து தெரியும். முன்னங்கால்களின் உட்புறத்தில் முழங்காலுக்குக் கீழே சிறு கொக்கிகள் இருக்கும். வாய்க்கு இருபுறமும் உள்ள குட்டைக் கால்களின் நுனி குமிழ்போல் பருத்திருக்கும். அது உண்ணாமலிருப்பது தோல் உரிப்பதற்காக அல்ல. வழமையாக அது இனித் தோல் உரிக்கவே மாட்டாது. அதன் மொட்டை இடம் கறுக்கும் என்று எத்தனை மாதம் காத்திருந்தாலும் கறுக்காது. அதற்கு மருத்துவமும் இல்லை; கிடைக்கும் காலம்வரை நீர் வைத்து, விரும்பினால் இரை கொடுத்து, அமைதியாக விடுவதுதான் செய்யக்கூடியது. இந்த நிலையில் இருக்கும் ஆணை வாங்கியவருக்கு விற்றவர் சொல்லும் பதிலும், தோல் உரிக்கும் பெண்ணை வாங்கியவருக்குச் சொல்லும் பதிலும் ஒன்றாகவே இருக்கிறது: குளிர் பிடித்துவிட்டது, தேன் கொடுங்கள், பாதி விலைக்கு இன்னொன்று தருகிறேன்.

உங்களுடையது கறுத்துவிட்டது என்பதால் அது முதிர்ந்த ஆண் அல்ல என்று நம்பலாம். பெண்தானா என்பதை, கழற்றிய தோலே சொல்லிவிடும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட நீரில் தோலை ஊறவையுங்கள். நனைந்த கடதாசிபோல் சுருண்டிருக்கும் வயிற்றுப் பகுதியை ஒரு மெல்லிய தூரிகையால் மெதுவாகப் பிரித்து, உட்புறம் மேலே தெரியும்படி விரியுங்கள். நான்கு வெண்ணிறத் திட்டுகள் தென்படும். அவை ஏட்டு நுரையீரல்களின் உட்தோல். முன்னிரண்டு திட்டுகளுக்கு நடுவே, குறுக்காக ஓடும் மடிப்பில், ஒரு சிறு மடல் எழுந்து நின்றால் அது விந்துச் சேமிப்புப் பை, உங்கள் சிலந்தி பெண். உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தும் அந்த மடிப்பு வெறுமையாக இருந்தால், தோலைக் காய வைத்துப் புகைப்படத்துடன் விற்றவரிடம் அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். பாதி விலைக்கு இன்னொன்று வேண்டாம்.

இனிக் கடதாசி பற்றிய கேள்வி. தேவையில்லை என்று அவர் சொன்னது பொய். சிவப்பு முழங்கால் அடங்கும் பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும் அழிவுக்குள்ளாகும் இனங்களின் சர்வதேச வர்த்தகம் தொடர்பான 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. அதாவது, பிறந்த நாட்டில் வளர்ப்பிலேயே பொரித்ததாக இருந்தாலும், எல்லை தாண்டும்போது ஏற்றுமதி செய்யும் நாட்டின் பத்திரம் அதனோடு வந்திருக்க வேண்டும். உயிருள்ள விலங்கை இந்நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு இங்குள்ள அனுமதியும் வேண்டும். அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். தர மறுத்தால், அல்லது "அதெல்லாம் கொழும்பில் இருக்கிறது" என்று இழுத்தால், அந்தச் சிலந்தி எந்தப் பயணப் பைக்குள் எப்படி வந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிட எனக்குச் சினத்தைத் தருவது இன்னொரு வியாபாரம். எங்கள் மரப்பொந்துகளில் வாழும், ஊரில் புலிமுகச் சிலந்தி என்று அழைக்கப்படும் பொசிலோதீரியா இனங்களைப் பிடித்து, வெளிநாட்டிலிருந்து வந்த 'அலங்காரச் சிலந்தி' என்று பெயர்சூட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். மாங்குளம் பகுதியில் கண்டெடுக்கப்பட்டு 2012 இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட ஒன்றும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. அமெரிக்கா 2018 இல் இலங்கையின் ஐந்து பொசிலோதீரியா இனங்களைத் தன் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 2019 இல் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் இலங்கையும் சேர்ந்து முன்வைத்த பிரேரணையின்படி பேரினம் முழுவதும் சைட்டிஸின் இரண்டாம் பின்னிணைப்புக்குள் வந்தது. அந்த மாநாடு கொழும்பில் நடக்கவிருந்தது. ஈஸ்டர் தாக்குதல்களின் பின்னர் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. ஜெனீவாவில் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு, இங்கே இரவு பஸ்ஸின் பொதிப்பெட்டிவரை வந்து சேரவில்லை. எது பாதுகாக்கப்பட்ட இனம், எதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதை ஒரு மாணவனுக்கும் விளங்கும் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டுக் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்? சட்டத்தை மதித்து நடக்க விரும்புபவர் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைகிறார். மதிக்காதவர் முகநூலில் படம் போட்டு விற்கிறார்.

அடையாளம் காண்பது கடினமல்ல. பொசிலோதீரியா தட்டையான உடலும் நீண்ட கால்களும் சாம்பல், கறுப்பு, வெள்ளைக் கோலங்களும் கொண்டது, மின்னலாக ஓடும். உதறிவிட்டால் தைக்கும் மயிர் அதற்கு இல்லை, ஆகவே வயிற்றில் மொட்டை இடமும் இருக்காது. அதன் கடியால் ஒருவர் இறந்ததாகப் பதிவில்லை எனினும், தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நீடித்து வருத்தும். கடித்தால் கைமருத்துவம் பார்க்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உங்கள் சிவப்பு முழங்காலின் கடி அவ்வளவு கடுமையானதல்ல. ஆனால் அது பின்னங்காலால் உதறிவிடும் மயிர் கண்ணுக்குள் சென்றால் விழிவெண்படலத்தில் தைத்துக்கொள்ளும். கண்ணைக் கசக்காமல் நீரால் கழுவிக்கொண்டு கண் வைத்தியரிடம் போக வேண்டும். பெட்டியைத் துப்புரவாக்கும்போது முகத்தை அதன் மேல் குனிந்து வைத்திருக்காதீர்கள். கையில் ஏற்றி விளையாடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. சிலந்திக்கு அதில் எந்த மகிழ்ச்சியும் இல்லை.

இரையைப் பற்றி, இந்த மண்ணுக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் பிடித்த வெட்டுக்கிளியை ஒருநாளும் கொடுக்காதீர்கள். அங்கு தெளிக்கும் கிருமிநாசினி பூச்சியின் உடலோடு உங்கள் பெட்டிக்குள் வந்துவிடும். வீட்டுச் சமையலறையில் பிடித்த கரப்பானும் அப்படித்தான். நீங்களே பெருக்கிய சில்வண்டோ கரப்பானோதான் நம்பத்தக்கது. நுளம்புச்சுருளும் தெளிப்பான்களும் சிலந்தி இருக்கும் அறைக்கு ஆகாது. டெங்குக் காலத்தில் ஒழுங்கைக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்று அறிந்தால், பெட்டிகளை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவு, யன்னல்களை அடைத்து, புகை முற்றாக அடங்கிய பின்னரே வெளியே எடுங்கள். தோல் உரிக்கும் தறுவாயிலுள்ள சிலந்தியையும் அன்றைக்கு மட்டும் நகர்த்தத்தான் வேண்டும். பெட்டியைச் சரிக்காமல் இரு கைகளாலும் தூக்குங்கள்.

உங்களிடம் முன்பே இருக்கும் இரண்டையும் புதியதோடு ஒரே அலுமாரித் தட்டில் வைத்திருந்தால், புதியதை அசைக்காமல் பழைய இரண்டையும் இன்றே பிரித்து எடுத்துவிடுங்கள். புதியது மூன்று மாதமாவது வேறு அறையில், தனிக் குறடு, தனி நீர்த்தட்டுடன் இருக்கட்டும். பழையவற்றைக் கவனித்த பின்னர் கடைசியாக இதனிடம் செல்லுங்கள். வாயைச் சுற்றி வெண்ணிறமான நுரைபோல ஏதேனும் அசைந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, அது ஒட்டுண்ணிப் புழுவாக இருக்கலாம். அப்படியிருந்தால் அந்தப் பெட்டிக்குள் சென்ற எதையும் மற்றப் பெட்டிகளுக்குக் கொண்டுபோகாமல், நெருக்கமாக எடுத்த படத்தோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.