முதுநகர்க் கூண்டும் 4,312 எச்சரிக்கைகளும்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நிரலின் தரத்தைச் சோதிக்கும் கருவி ஒன்றை நாங்களே உருவாக்கினோம். முகப்பில் 4,312 எச்சரிக்கைகள் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களாக நிற்கின்றன. யாரும் திறந்து பார்ப்பதில்லை. நிறங்களை மாற்றினால் பார்ப்பார்களா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: மாட்டார்கள். முதல் நாள் வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நான் முன்பு இருந்த இடத்தில் இரவில் சோதனை ஓடும். காலையில் பட்டியல் மின்னஞ்சலில் வந்து விழும். அதைப் போட்டுவைக்கத் தனிக் கோப்புறையே வைத்திருந்தேன். ஒரு நாளும் திறந்ததில்லை. என் சோம்பல் என்று வெட்கப்பட்டதுண்டு. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2019-இல் எழுதியதைப் படித்ததும் வெட்கம் போயிற்று. நிரலில் பிழை தேடும் அவர்களுடைய இன்ஃபர் கருவி இரவில் ஓடிப் பட்டியல் தந்தபோது, திருத்தியவர் ஏறக்குறைய எவருமில்லை. அதே கருவி, நிரல் சக பொறியாளரின் மறுபார்வைக்கு வரும் வேளையிலேயே பிழையைச் சொன்னபோது 70 சதவீதத்துக்கு மேல் திருத்தப்பட்டன.

முதுநகர்க்காரரான உங்களுக்குப் புயல் கூண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? 1 முதல் 11 வரை எண்கள். பகலில் கூம்பும் உருளையுமாக வடிவங்கள். நிறத்தை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். (சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவர் உங்கள் குழுவிலேயே இருக்கக்கூடும். வட்டங்களுக்குள் ஒரு குறியாவது போடுங்கள்.) 2011-இல் தானே புயலுக்கு ஏற்றிய கூண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் எந்தப் படகுக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்? உங்கள் 4,312-இல் பெரும்பகுதி அந்தப் பழைய கூண்டுதான். அவற்றை உள்ளே ஒரு பக்கத்துக்குத் தள்ளுங்கள். இன்று மாற்றிய வரிகளில் புதிதாக முளைத்தவை மட்டும், அந்தந்த வரிக்குக் கீழேயே தெரியட்டும்.

அடுத்தது சொற்கள். நீங்கள் அனுப்பிய திரைப் பதிவில், "சைக்ளோமாட்டிக் சிக்கல் 17, வரம்பு 10" என்று இருக்கிறது. நிரலுக்குள் எத்தனை பாதைகள் பிரிகின்றன என்று எண்ணிச் சொல்ல, தாமஸ் மெக்கேப் 1976-இல் வகுத்த அளவு இது. பத்து என்ற வரம்பும் அவர் சொன்னதுதான். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? "இந்தச் செயற்கூற்றில் 17 தனித்தனிப் பாதைகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை வேண்டும். 42-ஆம் வரியில் தொடங்கும் தள்ளுபடிக் கணக்கைத் தனியே பிரிக்கலாம்" என்று எழுதிப் பாருங்கள். கை தானாக அந்த வரிக்குப் போகும்.

பக்கத்திலேயே "பயனில்லை" என்று ஒரு பொத்தான் வையுங்கள். நிரலைச் சோதிக்கும் கூகுளின் ட்ரைகார்டர் கருவியில் அது உண்டு. அந்தப் பொத்தான் அதிகம் அமுக்கப்படும் சோதனையை நிறுத்திவைத்து, அந்தச் சோதனையை எழுதியவரிடமே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

4,312 எங்கே போயிற்று என்று உங்கள் மேலாளர் நிச்சயம் கேட்பார். அவருக்கென்று ஒரு தனிப் பக்கம் கொடுத்துவிடுங்கள். வண்ண வட்டங்கள் அங்கே சுற்றிக்கொண்டிருக்கட்டும்.