சின்னாறு போகிறீர்களா? ஆற்றோரம் உட்காருங்கள், அண்ணாந்து பாருங்கள்

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் திருப்பூரிலிருந்து காரில் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குப் போகிறோம். மூட்டு வலியுள்ள அம்மாவும் எட்டு வயது மகனும் வருகிறார்கள். யானை, சாம்பல் நிற அணில் இரண்டையும் பார்க்க முடியுமா? எத்தனை மணிக்குப் போனால் நல்லது? ஆற்றில் குளிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். குளிக்கக் கூடாது. பாம்பாற்றிலும் சின்னாற்றிலும் நன்னீர் முதலைகள் இருக்கின்றன. கீழே அமராவதி அணையில் இருப்பதும் இதே வகைதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே காந்தளூர்ப் பக்கம் மழை பிடித்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். முழங்கால் ஆழம்தானே என்று பையனை இறக்கிவிட வேண்டாம்.

அடுத்து யானை. டிசம்பரில் யானையை நம்பிப் போகாதீர்கள். சின்னாறு மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மூணாறு மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது, இங்கே வந்து சேருவது கொஞ்சம்தான். ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழை, அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். ஆகவே டிசம்பரில் காடு பச்சையாக இருக்கும், உள்ளே குட்டைகளிலும் ஓடைகளிலும் தண்ணீர் நிற்கும். யானைகளுக்கு ஆற்றுக்கு வந்தே ஆக வேண்டிய கட்டாயம் இருக்காது. வந்தாலும் புல்லும் புதரும் மறைத்துவிடும். பிப்ரவரிக்கு மேல் எல்லாம் காய்ந்த பிறகுதான் யானை, காட்டெருமை, கடமான் எல்லாம் ஆற்றை நோக்கி இறங்கும். ஆனால் அது காட்டுத்தீக் காலம். நடைப்பயணங்களை வனத்துறை நிறுத்திவைக்கலாம், விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சாம்பல் நிற அணில் கதை வேறு. அது ஆண்டு முழுக்க ஆற்றோரத்திலேயே கிடக்கிற பிராணி. சின்னாற்றைச் சுற்றிலும் முள்ளுக்காடுதான். ஆற்றின் இரு கரையிலும் மட்டும் நீர்மருது, மா, நாவல், புங்கம் என்று பெரிய மரங்கள் ஒரு பச்சை நாடா மாதிரி நீண்டு போகின்றன. சில இடங்களில் அந்த நாடாவுக்குக் கல்லெறி தூர அகலம்கூடக் கிடையாது. இந்த அணில் முடிந்தவரை தரையில் இறங்காது, கிளைக்குக் கிளை தாவியே போகும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருக்கிற காடு அதற்கு வேண்டும். அது இங்கே ஆற்றங்கரையில் மட்டும்தான் இருக்கிறது. இந்தியாவில் இந்த அணிலுக்குப் பேர்போன இன்னொரு இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். இலங்கையிலும் உண்டு.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் அணிலைத் தேடாமல் கூட்டைத் தேடுங்கள். உயரமான கிளைக் கவட்டில், குச்சியும் இலையும் சேர்த்துக் கட்டிய உருண்டை தெரியும். ஒரே அணில் பல கூடுகள் கட்டிவைக்கும் என்பதால் கூடு இருக்கிற எல்லா இடத்திலும் அணில் இருக்காது. மரத்தடியில் பாதி கடித்த காயோ, புதிதாக உரித்த பட்டையோ விழுந்து கிடந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அப்புறம் வாலைத் தேடுங்கள். உடம்பின் நீளத்துக்கு இருக்கும் வால் கிளையிலிருந்து தொங்கும்போது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். சரமாரியாகக் கத்துகிற சத்தமும் உதவும். மலைமேல் ஈரக்காடுகளில் திரிகிற செம்பழுப்பு மலையணிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது சாம்பல் நிறம், முடிநுனி வெள்ளை, பார்த்தால் நரைத்தது போலத் தோன்றும்.

நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். உச்சிவெயிலில் அணில் கிளைமேல் அப்பிப் படுத்துக்கொள்ளும், தலைக்கு மேலே இருந்தாலும் தெரியாது. மாலை நாலு மணிக்கு மேல் மறுபடி நடமாட்டம் தொடங்கும். திருப்பூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்தால் இந்தக் காலை நேரம் கையை விட்டுப் போய்விடும். முதல் நாளே வந்து தங்குவதுதான் சரி.

நடைக்கு வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பெரும்பாலும் இந்தக் காட்டுக் குடியிருப்புகளைச் சேர்ந்த முதுவர், மலைப்புலையர் மக்கள்தான் வருவார்கள். அவர் சட்டென்று நின்று கையைக் காட்டினால் நீங்களும் நில்லுங்கள். "திரும்பிப் போயிடலாம்" என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்புங்கள். காசு கொடுத்துவிட்டோமே என்று மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எரிச்சலாக இருக்கும். யானை வாசனை அவருக்குத் தெரிகிற தூரத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது.

நீளமான நடை அம்மாவுக்கு வேண்டாம். தூவானம் அருவி நடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், ஏற்ற இறக்கம் அதிகம். கேரள-தமிழ்நாடு எல்லைச் சோதனைச்சாவடியின் பாலத்தை ஒட்டிய மரங்களிலேயே அணில் தென்படுவதுண்டு. அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே உட்காரலாம் என்று வனத்துறையினரிடம் கேட்டுவிட்டு, அரைமணி நேரம் பேசாமல் உட்காருங்கள். மீன்கொத்தி வரும், மந்திகள் வரும், ஈர மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இறங்கும். பையனுக்கு இதுவே பெரிய வேட்டை. என்னைக் கேட்டால், காரில் மேலும் கீழும் சுற்றுவதைவிட இப்படி உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும். இலைப்பச்சை அல்லது மண் நிறத்தில் முழுக்கைச் சட்டை, நீளமான சாக்ஸ் போடுங்கள். மழைக்குப் பிறகு புல்லில் உண்ணி இருக்கும், திரும்பியதும் பையனின் கால் மடிப்புகளையும் காதின் பின்பக்கத்தையும் பாருங்கள். குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். வழியில் நட்சத்திர ஆமை தென்பட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள், அதை எடுத்துப்போவது சட்டப்படி குற்றம். சாவடிகளுக்கு நடுவே உள்ள காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதும் கூடாது.

காட்டுக்குள் தங்கும் குடில்கள் குறைவு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இடம் கிடைப்பது சிரமம், கேரள வனத்துறையிடம் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் மறையூரில் தங்கலாம், அங்கிருந்து சின்னாறு சுமார் 16 கி.மீ. தான். மறையூர் வெல்லம் வாங்காமல் வந்துவிடாதீர்கள். உடுமலைக்கு இறங்கும் பாதையில் இருட்டிய பிறகு யானை நிற்கும், வாகனக் கட்டுப்பாடும் இருக்கும். மாலை ஐந்து மணிக்குள் சாவடியைத் தாண்டிவிடுகிற மாதிரி திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.