பகலிலும் கடிக்கும் கொசு: கைக்குழந்தை உள்ள வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: என் குழந்தைக்கு எட்டு மாதம். இரவு முழுவதும் அறையைச் சாத்திக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றி வைக்கிறோம். அப்படியும் கை, கால்களில் தடிப்புகள் வருகின்றன. இந்தப் புகை குழந்தைக்குக் கெடுதலா? வேறு என்ன வழி?

மருத்துவர் பதில்: கெடுதல்தான். இன்றிரவே சுருளை நிறுத்திவிடுங்கள். சாத்திய அறையில் சுருள் எரியும்போது எழும் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகும். எட்டு மாதக் குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. இருமலும் இளைப்பும் எளிதில் பற்றிக்கொள்ளும். மின்சாரத்தில் செருகும் திரவ மருந்தில் புகை இல்லைதான். ஆனால் அதுவும் காற்றில் பூச்சிக்கொல்லியைத்தான் கலக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் விடிய விடிய அதை ஓடவிட வேண்டாம். ஒலியெழுப்பிக் கொசுவை விரட்டுவதாக விற்கும் கருவிகளால் எந்தப் பயனும் இல்லை. அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

தடிப்புகள் எந்த நேரத்தில் வருகின்றன என்று கவனியுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய நேரமும் அதற்கு வேட்டை நேரம். எனவே குழந்தை பகலில் தூங்கும்போதும் கொசுவலை வேண்டும். வலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். குழந்தையின் கை கால் வலையில் ஒட்டியிருந்தால் வெளியிலிருந்தே கடித்துவிடும். வலை தளர்ந்து விழாதபடி கட்டுங்கள்.

எத்தனை விரட்டினாலும், உற்பத்தியாகும் இடம் வீட்டிலேயே இருந்தால் கொசு குறையாது. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் பறப்பதில்லை. பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, ஏர்கூலர், மூடாத வாளி, பழைய டயர் எல்லாவற்றையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நூல்துண்டு போன்ற புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, வால்பக்கக் குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டி மூச்சுவிட்டுக் கொண்டிருக்கும். தட்டை லேசாக அசைத்தால் நெளிந்து அடியில் இறங்கும்.

பலர் இந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும் அந்த முட்டைகள் காய்ந்தே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தூரிகையால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பொரித்துக் கொசுவாக வெளிவர ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தவறாமல் தேய்க்க வேண்டும். குடிநீர்த் தொட்டிக்கு இடுக்கில்லாத மூடி போடுங்கள். கழிவுநீரில் வளரும் கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு இரவில் கடிக்கும். அதற்குச் சாக்கடை அடைப்பை நீக்குவதும் ஜன்னலுக்கு வலை அடிப்பதும் அவசியம்.

வெளியே போகும்போது முழுக்கை, முழுக்கால் மூடும் வெளிர்நிற உடை போடுங்கள். இரண்டு மாதம் கடந்த குழந்தைக்கு, 30 சதவீதத்துக்கு மிகாத டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பைத் தடவலாம். முதலில் உங்கள் உள்ளங்கையில் எடுத்து மெல்லியதாகப் பூசுங்கள்; குழந்தையின் விரல்கள், கண், வாய், புண் உள்ள இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். வீடு திரும்பியதும் சோப்பால் கழுவுங்கள். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்கு முன் கூடாது.

காய்ச்சல் வந்தால் குழந்தையைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் டெங்குவில் இரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து கூடும். தொடர் வாந்தி, ஓயாத அழுகை, சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல், ஈறில் இரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் நேராக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.