இருமினால் கசிகிறதா? கடற்கரைப் பெண்களின் கேள்விகள்

மூன்று பிள்ளை பெற்றவள். மீன் கூடையைத் தலைக்குத் தூக்கும்போது சிறுநீர் கசிகிறது. ஆபரேஷன்தான் வழியா, டாக்டரம்மா? (பாம்பன்)

முதலில் பயிற்சி. சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை உள்ளே இழுத்துப் பிடித்து, பிறகு தளர விடுங்கள். வேளைக்கு 8 முறையாவது, நாளைக்கு 3 வேளை, 3 மாதம் விடாமல். பலருக்கு இதிலேயே குறைந்துவிடும்.

குறையாவிட்டால் நாடா வைக்கும் ஆபரேஷன் உண்டு. 1996-ல் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டென் குழு விவரித்த முறை. சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பாலிப்ரொப்பிலீன் வலை நாடாவை, சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் தூளி போல வைப்பார்கள். பிறப்புறுப்புக்குள் ஒரு சிறு வெட்டு, அடிவயிற்றிலோ தொடையிடுக்கிலோ இரண்டு சிறு துளைகள். அரை மணி நேர வேலை. நாடாவை இறுக்கிக் கட்டுவதில்லை. இருமும்போது, பாரம் தூக்கும்போது குழாயை அது தாங்கிப் பிடிக்கும். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவான பிறகு செய்வது நல்லது.

வெளிநாட்டில் இந்த வலையைத் தடை செய்துவிட்டார்களாமே? (கீழக்கரை)

அமெரிக்காவில் 2019-ல் விற்பனை நிறுத்தப்பட்டது, கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் பெரிய வலை. கசிவுக்கான நாடா அதில் சேராது. ஆனால் இங்கிலாந்தில் 2018-ல் நாடாவையும் நிறுத்திவைத்தார்கள். உங்கள் பயம் நியாயமானது. சிலருக்கு நாடா பிறப்புறுப்பின் உள்தோலை அரித்து வெளியே தெரியும், வலி நீடிக்கும், உடலுறவில் வேதனை தரும். உள்ளே சதையோடு ஒட்டிவிடுவதால் பிறகு முழுதாக எடுப்பதும் கடினம். இதையெல்லாம் சொல்லாமல் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். வலை வேண்டாம் என்றால், உங்கள் வயிற்றுத் தசையுறையிலிருந்தே பட்டை எடுத்து வைக்கும் முறையும் இருக்கிறது. வெட்டு கொஞ்சம் பெரிது.

பாசி எடுக்கப் போகிறேன். கரையேறி ஒதுங்குவதற்குள் அவசரமாக வந்துவிடுகிறது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. (மண்டபம்)

தண்ணீரை நிறுத்தாதீர்கள், தாயி. சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகும். உங்களுடையது இருமினால் கசிவதல்ல, அவசரத்தில் வந்துவிடும் வேறு வகை. இதற்கு நாடா உதவாது. சர்க்கரையும் சிறுநீர்த் தொற்றும் இருக்கிறதா என்று பாருங்கள், டீயைக் குறையுங்கள். அப்புறம் மாத்திரை இருக்கிறது.

நாடா வைத்தபின் எப்போது வேலைக்குப் போகலாம்? (தங்கச்சிமடம்)

பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம். கூடை, குடம், தாம்பத்தியம் மூன்றுக்கும் ஆறு வாரம் பொறுங்கள். கடலில் இறங்குவது புண் ஆறிய பிறகு. இடையில் சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.