நியமனக் கடிதத்தில் 'ட்ரெயினீ' என்று இருந்தால் பயப்பட வேண்டுமா?

அக்கா, உயர்தரம் முடித்த மகளுக்குக் கிளிநொச்சியிலேயே வேலைக் கடிதம் வந்தது நல்ல செய்தி. ஆனால் அதில் 'ட்ரெயினீ' என்று போட்டிருப்பதால், இது உண்மையான வேலைதானா, இல்லை பழக்குகிறோம் என்று சொல்லிப் பிள்ளையிடம் சும்மா வேலை வாங்கப் போகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

ஆங்கிலத்தில் 'ஈ' என்று முடிகிற பெயர்கள் ஒரு குடும்பம். ஒரு காரியத்தைச் செய்கிறவர் 'அர்' என்று முடிவார், அந்தக் காரியம் யாருக்கு நடக்கிறதோ அவர் 'ஈ' என்று முடிவார். எம்ப்ளோயர் வேலைக்கு வைப்பவர், எம்ப்ளோயீ வைக்கப்படுபவர். ட்ரெயினர் பழக்குகிறவர், ட்ரெயினீ பழக்கப்படுகிறவர். காசோலையில் கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ ஒன்லி' என்று எழுதுகிறார்களே, அந்தப் பேயீ காசைப் பெறுகிறவர். 1066 இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே சட்டக்காரர்களிடம் நெடுங்காலம் பிரெஞ்சு புழங்கியது, இந்த விகுதியும் அந்த வழியில் வந்ததுதான், அதனால்தான் இன்றைக்கும் ஒப்பந்தம், உறுதி, கடன் பத்திரம் என்று எதைத் திறந்தாலும் இது கண்ணில் படும்.

வன்னியில் எங்களுக்கு இந்தக் குடும்பம் பள்ளிக்கூடத்தில் அறிமுகமானதில்லை. ரெஃப்யூஜீ (அகதி), டிடெய்னீ (தடுத்து வைக்கப்பட்டவர்), அம்ப்யூட்டீ (கை, கால் அகற்றப்பட்டவர்) என்று நிவாரணப் படிவங்களிலும் முகாம் பதிவுகளிலும்தான் முதலில் பார்த்தோம். எல்லாமே ஆட்களுக்கு நடந்தவை. 2009 க்குப் பிறகு மீள்குடியேற்றக் காலத்தில் ரிட்டர்னீ என்ற சொல்லும் வந்தது, அது தானாகத் திரும்பி வந்தவரைக் குறிக்கும். ஓய்வுபெற்ற ரிட்டயரீ, கூட்டத்துக்கு வந்த அட்டெண்டீ எல்லாம் இப்படித்தான், செய்கிறவரே 'ஈ' போட்டுக்கொள்வார். ஆகவே விகுதியை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, வசனத்தையும் வாசிக்க வேண்டும்.

சரி, மகளின் கடிதத்துக்கு வருவோம். சம்பளம் தந்து பழக்கினால் ட்ரெயினீயும் எம்ப்ளோயீதான். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதி (இபிஎஃப்) சட்டம், கொடுப்பனவு பெறும் பயிலுநரையும் ஊழியர் என்றே கணக்கெடுக்கிறது. இந்த நிதிக்கு அவளுடைய சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிப்பார்கள், கம்பனி தன் பங்காக 12 போட வேண்டும். இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 முழுவதும் கம்பனியின் பொறுப்பு, அதை அவள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. 'பயிற்சி முடிந்த பிறகுதான் இபிஎஃப்' என்று சொன்னால், பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள், தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். பயிற்சி எத்தனை மாதம், முடிந்ததும் என்ன பதவி, என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் ஏதாவது கிடைக்குமா, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொல்கிற 'பிறகு நிரந்தரமாக்குவம்' என்ற பேச்சு எனக்குப் போதாது, உங்களுக்கும் போதக்கூடாது.

சேமலாப நிதிக்குப் பெயர் பதியும்போது நொமினீ யார் என்று கேட்பார்கள். அவளுக்கு ஏதும் நடந்தால் அந்தக் காசைப் பெறுகிறவர் அவர். அதை அவளே யோசித்துப் போடட்டும்.

அப்புறம் சீவீ. கடைசியில் ரெஃபரீ என்று இரண்டு பேர் கேட்டிருந்தால், அவளைப் பற்றி யாரிடம் கேட்கலாம் என்றுதான் அர்த்தம். பந்து மைதானத்தில் விசில் ஊதுகிறவருக்கும் அதே பெயர், தீர்ப்பு அவரிடம் போகிறது. எங்கள் பிள்ளைகள் மாமா, சித்தப்பா பெயரைப் போட்டுவிடுகிறார்கள், அது சரிவராது. படிப்பித்த ஆசிரியர், அதிபர், வேலை பழகிய இடத்துப் பொறுப்பாளர் போன்றவர்களைப் போடுங்கள், போட முதல் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் உண்மையில் கவலைப்படுகிற இடம். ட்ரெயினீ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்த நீங்கள், கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்கு விட்ட இடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அங்கே 'கரன்டர்', அதாவது பிணை நிற்கிறவர், என்று இருக்கிறது. அவள் சொன்ன காலத்துக்கு முதல் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும், அவளால் முடியாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. 'அர்' என்று முடிகிறது, பாருங்கள். செய்ய வேண்டியவர் நீங்கள். குழுக்கடனில் ஒருத்தி கட்டாமல் போனதற்கு மற்றப் பெண்கள் சேர்ந்து கட்டிய கதை எங்கள் ஊர்களில் எத்தனை வீடுகளில் இருக்கிறது! நாலு பேர் கண் முன்னால் நடந்ததை ஆங்கிலத்தில் அச்சடித்துத் தந்தால் மட்டும் ஏன் வாசிக்காமல் போடுகிறோம்?

கையெழுத்து வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, மாதங்கள் போகப் போக அது குறையுமா, நோய் காரணமாக விட்டாலும் கட்ட வேண்டுமா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கடிதத்தின் எல்லாப் பக்கங்களோடும் இரண்டு பேரும் வாருங்கள், இருந்து வரிவரியாக வாசிப்போம். அதுவரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.