அரியர் வைத்தவர் பேராசிரியர் ஆகலாமா?

கேள்வி: பி.ஏ. ஆங்கிலத்தில் முதல் இரண்டு வருடம் வகுப்பில் நான்தான் முதல். கடைசி வருடம் மூன்று அரியர். அதை முடிக்கவே இரண்டு வருடம் ஆகிவிட்டது. அப்புறம் குரூப் ஃபோர் எழுதி, இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ.வும் முடித்தாயிற்று. வயது 29. கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசை மட்டும் விடவில்லை. நேர்முகத் தேர்வில் அந்த அரியரைக் கேட்டால் என்ன சொல்வது? பெரிய அறிஞர்கள் யாராவது பரீட்சையில் கோட்டை விட்டிருக்கிறார்களா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: விட்டிருக்கிறார்கள். உங்களைவிட மோசமாகவே.

ஏ.இ. ஹவுஸ்மன் என்ற பெயரைக் கவிஞராகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய பிழைப்பு கவிதை அல்ல, லத்தீன். 1859இல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் பிறந்தவர். 1877இல் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். 1879இல் நடந்த இடைநிலைத் தேர்வில் முதல் வகுப்பு. 1881இல் இறுதித் தேர்வு. அதில் தோல்வி. சில கேள்விகளுக்கு ஏறக்குறைய வெற்றுத்தாள்.

காரணம் பல சொல்கிறார்கள். அப்பாவின் உடல்நிலை, நண்பர் ஒருவர்மேல் கொண்ட ஒருதலை அன்பு. எனக்கு என்னவோ தலைக்கனமும் சேர்ந்துகொண்டது என்றே படுகிறது. ப்ரொபெர்ஷியஸ் என்ற ரோமானியக் கவிஞரின் கவிதைகளில், பிரதி எடுத்தவர்கள் செய்த பிழைகளைத் திருத்துவதிலேயே மூழ்கிக் கிடந்தார். பாடத்திட்டத்தில் இருந்த தத்துவத்தையும் பண்டைய வரலாற்றையும் சீந்தவில்லை. தனக்குப் பிடித்ததை மட்டும் படித்தால் பரீட்சை தானாக வழிவிடும் என்று நினைக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு.

அடுத்து அவர் செய்தது நீங்கள் செய்ததேதான். அரசுப் பணித் தேர்வு எழுதி, 1882இல் லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். பத்து வருடம் அங்கேதான். பகலில் வணிகச் சின்னங்களைப் பதியும் வேலை. மாலையானால் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலை. ஹொரேஸ், ப்ரொபெர்ஷியஸ், ஓவிட் முதலிய ரோமானியக் கவிஞர்கள், கிரேக்க நாடகங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, நூற்றாண்டுகளாகப் பிரதி எடுத்தவர்கள் எந்த இடத்தில் எந்த எழுத்தைத் தவறவிட்டார்கள் என்று தேடி, ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பிக்கொண்டே இருந்தார். அவரை எழுதச் சொன்னவர் யாரும் இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை.

1892இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் லத்தீன் பேராசிரியர் இடம் காலியானது. ஹவுஸ்மன் விண்ணப்பித்தார். அறிஞர்களின் பரிந்துரைக் கடிதங்கள் 17 கூடவே போயின. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த விண்ணப்பத்தில்தான் இருக்கிறது. 1881 இறுதித் தேர்வில் தான் ஹானர்ஸ் (சிறப்புத் தகுதி) பெறத் தவறியதை அவரே எழுதியிருந்தார். விளக்கமோ புலம்பலோ இல்லை, ஒரே ஒரு வாக்கியம். வேலை கிடைத்தது. 1911இல் கேம்பிரிட்ஜ் அவரை லத்தீன் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1936இல் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார்.

ஆனால் ஆசிரியராக அவரை அப்படியே பின்பற்றிவிடாதீர்கள். சக அறிஞர்களின் சோம்பலை அவர் மன்னித்ததே இல்லை. வசவு வாக்கியங்களை முன்கூட்டியே நோட்டில் எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைப்பாராம். எவராவது மாட்டினால் நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா! லண்டனில் மாணவிகளை அழ வைத்துவிட்டு, அடுத்த வாரம் அவர்கள் முகம்கூட நினைவில்லாமல் நிற்பார் என்றும் ஒரு கதை உண்டு. என்னால் இதை ரசிக்க முடியவில்லை.

அதே மனிதர்தான் 1914 மே மாதம் ஒரு நாள், ஹொரேஸின் வசந்தகாலக் கவிதை ஒன்றை வழக்கம்போல எழுத்து எழுத்தாக அலசி முடித்துவிட்டு, இதைக் கவிதையாகவும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். லத்தீனில் ஒருமுறை, தன் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒருமுறை வாசித்தார். பண்டை இலக்கியத்தில் இதுவே மிக அழகான கவிதை என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வகுப்பைவிட்டு வெளியேறினார். அழுதுவிடுவாரோ என்று மாணவர்கள் நினைத்தார்களாம்.

மனிலியஸ் என்ற ரோமானியக் கவிஞரின் வானியல் கவிதையைப் பதிப்பிக்க 1903இலிருந்து 1930 வரை உழைத்தார். ஐந்து தொகுதிகள், கைக்காசு போட்டு அச்சடித்து, அடக்க விலைக்கும் குறைவாக விற்றார். இத்தனைக்கும் அந்தக் கவிதையைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று நண்பர்களிடம் அவரே சொல்வார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1892 அல்ல இது, 17 கடிதங்கள் இன்று போதாது. எம்.ஏ.வில் 55 சதவீதம் இருக்கிறதா பாருங்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. அடுத்து கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவில்) அல்லது செட் (மாநில அளவில்). உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் எழுத வயது வரம்பு கிடையாது. ஆய்வு உதவித்தொகைக்குத்தான் உண்டு. அரியரைப் பற்றிக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அரியரைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. அலுவலகம் முடிந்து மாலை ஆறு மணிக்கு எங்கே போகிறீர்கள்? அதை எழுதி இன்னொரு கடிதம் போடுங்கள்.